கிணற்றுக்குப் பின்னால் ஓர் அறை

மட்டாஞ்சேரியில் சமூக மடத்தை ஒட்டிய எங்கள் வரிசையில் நாலு வீடுகள். நாலுக்கும் பொதுவாகக் கிணற்றுக்குப் பின்னால் ஓர் அறை. மாதத்தில் மூன்று நாள் பெண்கள் 'ஆத்துக்குத் தூரம்' ஆனால் அங்கேதான் பாய். வீட்டார் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு ஓடுவார்கள், பக்கத்தில் ஒருத்தரும் வரமாட்டார்கள். இந்தச் சட்டத்தைப் போட்டவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை. ஆனால் பாவம், அவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. யாரும் ஒட்டுக்கேட்க முடியாத ஒரே அறையைப் பெண்களிடம் கொடுத்துவிட்டார்கள்.

அதை முதலில் புரிந்துகொண்டவள் கடைசி வீட்டு மாட்டுப்பெண் அனந்தலக்ஷ்மி மாமி. அவள் கதையை எழுதினால் ஒரு பக்கம்கூட நிறையாது. ஒன்றும் தெரியாமல் கல்யாணமாகி வந்து, முதல் ராத்திரி பயந்து அழுதபோது வீடே சிரித்ததாம். பிறகு மகன் வெங்கிட்டுவைப் பெற ஆஸ்பத்திரிக்குப் போனவள், லேடி டாக்டரைக் கேள்வி கேட்டே படுத்தி எடுத்திருக்கிறாள். கேட்டதையெல்லாம் எங்களிடம் சொன்னாள்.

அந்த அறையின் பகல்கள் இப்போதும் எனக்குக் கனவு மாதிரிதான் வருகின்றன. கூரையின் கண்ணாடி ஓடு வழியாக விழும் வெயில் பாய்க்குப் பாய் மெல்ல நகரும். கொச்சங்காடிக் கிடங்குகளிலிருந்து மிளகும் சுக்கும் கலந்து மணக்கும். தூரத்தில் ஒரு படகு ஊதும். பாதித் தூக்கத்தில் மாமியின் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். உடம்பில் எதற்கும் பேர் உண்டு, சொல்லக் கூச்சப்படாதே என்பாள். நாங்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருப்பாள். குழந்தை எப்படி உண்டாகிறது, எப்படித் தள்ளிப்போடலாம், எந்த நோய் எப்படி ஒட்டும், ஒருத்தன் கை வைத்தால் யாரிடம் சொல்ல வேண்டும், எல்லாம் அங்கே பேச்சுதான். தெரியாததைக் கேட்டால், "அது எனக்கு நிச்சயமில்லை. டாக்டரைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்பாள். மறக்காமல் சொல்லவும் செய்வாள். வெங்கிட்டுவையும் விடவில்லை. தனக்கு அடுக்களையில் பாடம் நடந்ததை அவனே பின்னாளில் என்னிடம் சொல்லி முகம் சிவந்தான்.

எழுபதுகளின் கடைசியில் மாமிக்கு மாதவிலக்கு நின்றுபோனது. இனி அவளை யாரும் தள்ளி வைக்க முடியாது. மாமியோ அதை எங்களைத் தவிர யாரிடமும் மூச்சுவிடவில்லை. எங்களில் யார் உட்கார்ந்தாலும் தானும் தூரம் என்று பாயோடு வந்துவிடுவாள். சில மாதம் இரண்டு தடவைகூட. உடம்புக்கு ஏதோ கோளாறு என்று அக்கம்பக்கத்தார் அசோகாரிஷ்டம் வாங்கிக் கொடுத்தார்கள். அதையும் முகம் சுளிக்காமல் குடித்தாள்.

அப்போதுதான் சீதாலக்ஷ்மி வந்தாள். பாலக்காட்டிலிருந்து முதல் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண். அடுத்த வாரம் திருப்பூணித்துறையில் கல்யாணம். புருஷன் என்ன செய்தாலும் வாயைத் திறக்காதே, வலித்தால் பல்லைக் கடித்துக்கொள் என்று யாரோ ஓர் அத்தை ஓதி வைத்திருந்தாள். ஒரு நாள் காலை தூரமாகி அறைக்குள் வந்தவள், நான் இருப்பதைக்கூடப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி நான் கிணத்துல சாடிடுவேன்" என்றாள்.

அன்றைக்குப் பார்த்து மாமியின் மாமனாருக்குத் திவசம். சமையல் அவள் பொறுப்பு. மடிப்புடவையோடு தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தவளிடம் அறை வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னேன். மாமி குடத்தைக் கீழே வைத்தாள்.

"அம்மா, நான் தூரமாயிட்டேன்" என்று அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு உள்ளே வந்து சீதா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மாமியார் கமலாக்ஷி அம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். எழுபது தாண்டியவர், ஆசாரத்தில் ஒரு பிசகு பொறுக்கமாட்டார். திவசத்தன்று பொய் சொன்னால் போனவருக்குப் பிண்டம் சேராது என்று நம்புகிறவர்.

"அனந்தம், ஒரு வருஷமா கொடியில உன் தீட்டுத் துணி காயலை. எனக்குக் கண்ணு தெரியும் கேட்டியோ."

அவர் ஒரு சத்தம் போட்டால் போதும், மாமி இனி அந்த அறைக்குள் வர முடியாது. சீதாவுக்கு அந்த மூன்று நாளும் போய்விடும். மாமி தலை குனியவில்லை.

"பொய்தான்மா. இந்தக் குழந்தை பயந்து பேடிச்சுப் போயிருக்கா. நான் இங்க இருக்கணும்."

கமலாக்ஷி அம்மாள் பாயில் சுருண்டு கிடந்தவளை எட்டிப் பார்த்தார். பிறகு நாலு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "மாட்டுப்பொண் தூரம். இன்னிக்குச் சமையல் நான்தான்" என்றார். திரும்பி நடந்தவர் நின்று, குரலைத் தாழ்த்தினார்.

"ஜன்னல்கிட்ட உக்காந்து சொல்லு. எனக்கும் ஒருத்தரும் சொல்லித் தரலை."

மாமி பாயை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். சீதா எழுந்து உட்கார வெகுநேரமானது. எதிரே மாமி வீட்டு அடுக்களையில் கமலாக்ஷி அம்மாள் அம்மியில் அரைக்கத் தொடங்கியிருந்தார்.

"மாமி, வேண்டாம்னு சொல்லலாமா?"

"சொல்லலாம்டி. கட்டினவன்கிட்டயும் சொல்லலாம்" என்றாள் மாமி, குரலை உயர்த்தி.

அடுக்களையில் அம்மிச் சத்தம் நின்றது.