ராணியின் வெளுத்த கொண்டை

கீழ்வீட்டு சிம்ரனிடம் இன்று காலை நான் சொன்னவை:

1. உன் கோழி ராணிக்குக் குடற்புழு.
2. ராணிக்கு மட்டும் மருந்து போதும்.
3. கூண்டில் ஈர மரத்தூளை மாற்ற வேண்டும்.

கொண்டை வெளுத்து ராணி மெலிந்திருந்தது. எச்சத்தில் சேமியா போலப் புழு. சிம்ரனோ ராணியைக் கறிக்கடைக்குக் கொடுக்கக் கூடையில் வைத்துவிட்டாள். தயங்கித் தயங்கித்தான் வாய் திறந்தேன்.

"அச்சா அங்கிள்ஜி, அப்படியானால் நீங்களும் டாக்டரிடம் வாருங்கள்."

ராணி அதே கூடையில் வந்தது; எச்சத்தை நான் காபிப்பொடி டப்பாவில் எடுத்துப் போனேன்.

கால்நடை மருத்துவர் திறந்து பார்த்தார். "நல்லவேளை, மோந்து பார்க்கவில்லை. புழுதான், மருந்தில் தேறிவிடும். வேறு கோழி உண்டா?"

"மூன்று," என்றாள் சிம்ரன்.

"ஒரே கூண்டில்தானே கொத்துகின்றன? எல்லாவற்றுக்கும் கொடுங்கள்."

ராணி வீடு திரும்பிவிட்டது. சிம்ரன் புது மரத்தூளும் வாங்கிவிட்டாள். ஆகவே மூன்றாவதை மட்டும் கோழி வளர்ப்பவர்கள் சீக்கிரம் சரிபார்த்துச் சொல்லவும். இரண்டாவது தவறு என்பது எனக்கே தெரிந்துவிட்டது.