தாய்வழி இமைகள்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், செங்கல்பட்டில், ஊனச் சான்று கேட்டு வரும் மனுக்களைச் சந்தேகப்படுவது என் வேலை. பதவிக்குப் பெயர் வேறு.

மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்திலிருந்து மீனவர் ஒருவர் வந்தார். கை கால் எல்லாம் சரியாக இருந்தன. இமைகள் மட்டும் பாதி மூடியிருந்தன. காலையிலேயே குடித்துவிட்டாரோ என்று முகர்ந்து பார்த்தேன். வாடை இல்லை. சந்தேகம் கூடியது.

“கொஞ்சம் வல இழுத்தா ஒடம்பு அப்டியே நின்னுபூடுது சார். சோம்பேறின்றானுங்க. ஊனச் சீட்டு இருந்தா ஐஸ் கூடத்துல ஒக்காந்து பாக்குற வேல குடுப்பாங்க.”

முன்னறிவிப்பில்லாமல் ஒரு காலையில் குப்பத்துக்குப் போனேன். கரைவலைக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். மாட்டினார் என்று நினைப்பதற்குள் மணலில் உட்கார்ந்துவிட்டார். நல்ல நடிப்பு என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்து, குடும்பத்தையே விசாரித்து, வாரிசுச் சான்றுக்குச் செய்வதுபோல் வம்சாவளி வரைந்தேன். அம்மாவுக்கும் அதே இமை, அக்காவுக்கும், தாய்மாமனுக்கும். மாமன் பிள்ளைகளுக்கு இல்லை. அப்பா வழியில் யாருக்குமே இல்லை.

“இன்னாபா, ஆபீசரு பொண்ணு பாக்க வந்துகீறாரா?” என்றார் மீன் கூடையோடு நின்ற ஒரு பெண். “ஜாதகம் ஒண்ணுதான் கேக்கல!”

‘ஒரே வீட்டில் பழகிய நடிப்பு. பரிந்துரை இல்லை’ என்று எழுதி, வம்சாவளியையும் இணைத்து மருத்துவக் குழுவுக்கு அனுப்பினேன். அவர்கள் அவருடைய தொடைத் தசையில் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். பிறகு நரம்பியல் மருத்துவர் என்னைக் கூப்பிட்டார்.

“இந்த வம்சாவளிப் படம் யார் சார் போட்டது?”

“நான்தான்” என்றேன், சற்றுப் பெருமையோடு.

“நோயைக் கண்டுபிடிச்சிட்டு நடிப்புன்னு எழுதியிருக்கீங்களே.”

மைட்டோகாண்ட்ரியாவில் கோளாறு என்றார். நான் விலங்கியல் பட்டதாரி. அவரைக்கொட்டை வடிவம், வழவழப்பான வெளிச்சவ்வு, உள்ளே மடிப்பு மடிப்பாக இன்னொரு சவ்வு என்று தேர்வில் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவன். சாப்பாட்டிலிருந்து வந்த சத்தும் மூச்சில் வந்த ஆக்சிஜனும் அந்த மடிப்புகளில்தான் செல் செலவழிக்கும் ஆற்றலாக மாறுகின்றன. அது குறைந்தால் ஓயாமல் உழைக்கும் கண் தசைகள் தளரும், கயிறு இழுக்கும் கைகளும் தளரும். மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று சொந்தமாகக் கொஞ்சம் டி.என்.ஏ. உண்டு, அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும். இத்தனையும் தெரிந்த எனக்கு, எதிரே உட்கார்ந்திருந்த மனிதரைத் தெரியவில்லை.

நிராகரிக்க நான் எழுதிய அறிக்கையே ஆதாரமாகிச் சான்று கிடைத்தது. வாங்கிக்கொள்ள அக்காவோடு வந்தவர், ஒரு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்தபடி கையெழுத்துப் போட்டார்.

“என் புள்ளைங்களுக்கும் வருமா சார்?”

“வராது. அப்பாவால வராது.”

“அப்போ அக்கா புள்ளைங்களுக்கு?”

எந்த விதியைக் கேட்டாலும் பத்தி எண்ணோடு சொல்கிறவன் நான். “டாக்டரைத்தான் கேக்கணும்” என்று பதிவேட்டில் தேதி போடக் குனிந்தேன்.

அக்கா நகரவில்லை. பாதி மூடிய கண்களால், மனுதாரர்களை நான் பார்ப்பதுபோலவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.