அடுப்பு மூட்டாத நாளில் வந்த விருந்தாளி

பெரியப்பா பிரான்சிலிருந்து வருகிறார் என்றதும் கோட்டுச்சேரியில் எங்கள் வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. தாத்தா இறந்தபோது மூத்த மகனான அவர் வரவில்லை. கொள்ளி வைத்தது இளையவரான என் அப்பாதான். அதிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் போன் போட்டு அவரை அழைத்தது அம்மா. வயிறு நிறையச் சோறு போட்டால் எந்தக் கோபமும் இறங்கிவிடும் என்பது அவள் கட்சி. மண்டபத்தூரில் வஞ்சிர மீனுக்குச் சொல்லி வைத்திருந்ததால் நானும் அந்தக் கட்சியில் சேர்ந்திருந்தேன்.

அவர் வரவேண்டிய அன்று விடிகாலையில் எதிர்வீட்டு மாமா இறந்துபோனார். சாவு விழுந்தால், எடுக்கிற வரைக்கும் எங்கள் தெருவில் யாரும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். பெரியப்பாவோ சென்னையில் இறங்கி, காரில் பாதி வழி வந்துவிட்டார். அப்பா எதிர்வீட்டிலேயே இருந்தார்.

"கேஸ் அடுப்புல என்ன பொகையா வருது? யாருக்கும்மா தெரியப் போவுது?" என்று கேட்டேன்.

அம்மா முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன். மீன் ஃப்ரீசருக்குள் போனது. எனக்கென்று வாங்கி வைத்திருந்த சீஸ் வெளியே வந்தது. பிரான்சில் சாப்பாட்டுக்கு முன்னால் பழமும் சீஸும் வைப்பார்கள் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தாள். கொய்யாவும் அன்னாசியும் நறுக்கினாள். சீஸைத் துண்டு போட்டாள். பல்குத்தும் குச்சியில் ஒரு திராட்சை, ஒரு சீஸ், ஒரு அன்னாசி என்று கோப்பது என் வேலை. நடுநடுவே சீஸ் என் வாய்க்கும் போனது. கொய்யா மேல் மிளகாய்த்தூள் தூவினாள். அது பிரான்சில் உண்டா என்று அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வெளியே பறைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பெரியப்பா வந்தார். அப்பா எதிர்வீட்டிலிருந்து வந்து வாசலோடு நின்றார். அம்மா தட்டை நீட்டி, அடுப்பு மூட்டாததற்குக் காரணம் சொன்னாள். பெரியப்பா ஒரு குச்சியை எடுத்தார், ஆனால் வாயில் வைக்கவில்லை.

"அப்பா போனப்பவும் தெருவுல யாரும் அடுப்பு மூட்டலையா?" என்று யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டார்.

"மூட்டல," என்றார் அப்பா. "நீங்க தோள் குடுக்க வேண்டிய எடத்துல, இப்ப எதுத்த வீட்டுல கெடக்குறாரே, அவருதான் நின்னாரு."

பெரியப்பா குச்சியைத் தட்டிலேயே வைத்தார். சட்டையைக் கழற்றினார். "ஒரு துண்டு குடும்மா," என்று அம்மாவிடம் வாங்கிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனார். அப்பாவும் பின்னாலேயே போனார்.

பாடையைத் தூக்கியபோது முன்பக்கம் இரண்டு பேரும் நின்றார்கள். மூங்கில் உறுத்தாமல் இருக்க, அப்பா தன் துண்டையும் மடித்து அண்ணன் தோளில் வைத்தார். அம்மா அதை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளே தட்டின் மேல்தான் கண். சீஸ் வியர்த்து வழிந்து, எறும்பு ஏற ஆரம்பித்திருந்தது. இவ்வளவு கோத்தும் ஒருத்தரும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லையே என்று எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தால் அம்மாவும் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கும் அதே வருத்தம்தான் என்று நினைத்தேன்.

"அழுவாதம்மா," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சமாதானம் சொன்னேன். "பெரியப்பாவுக்கு நம்ம வீட்டுல எதுவுமே புடிக்கலைன்னா, நாம என்ன பண்றது?"