கேன் தண்ணீரைக் குடிக்காத குதிரை

போன மாசியில், தூத்துக்குடிக்கு வடக்கே உப்பளங்களை ஒட்டிய கடற்கரைப் பாதையில் நாற்பது கிலோமீட்டர் குதிரையோட்டப் போட்டி நடந்தது. எனக்கு அதுதான் முதல் போட்டி. நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால்:

1. பாதித் தூரம் நன்றாக ஓடினோம்.
2. இடைவேளையில் குதிரை தண்ணீர் குடிக்கவில்லை.
3. உப்பு மருந்தைக் கொடு என்று எல்லோரும் சொன்னார்கள்.
4. நான் கொடுக்கவில்லை.

குதிரை, திருச்செந்தூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியுடையது. ஆலந்தலையில் அவருடைய தென்னந்தோப்பில் வளர்கிறது. தான் ஏறினால் குதிரை பாவம் என்று அவரே சொல்வார். தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் நான், விடுமுறை நாட்களில் அங்கே போய் ஓட்டப் பழகினேன்.

இந்தப் போட்டியில் வேகம் மட்டும் போதாது. இடைவேளையில் கால்நடை மருத்துவர் நாடி பார்ப்பார், தோலைக் கிள்ளிப் பார்ப்பார், வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் குடல் சத்தம் கேட்பார். எங்கள் குதிரையின் கழுத்தில் வியர்வை வெள்ளையாகப் பூத்திருந்தது. கிள்ளிய தோல் மெதுவாகத்தான் படிந்தது; உடம்பில் நீர் வற்றியதற்கு அடையாளம். குடல் சத்தம் குறைவு, கிளம்பும் முன் மறுபடி காட்டுங்கள், தேறாவிட்டால் அனுப்ப மாட்டேன் என்றார் மருத்துவர். போட்டி போனால் போகட்டும். குடல் நின்றுபோனால் குதிரை பிழைப்பதே சிரமம்.

வியர்வையில் போன உப்பை ஈடுகட்ட, எலக்ட்ரோலைட் பசையை ஊசியில்லாத சிரிஞ்சில் நிரப்பிக் குதிரையின் வாயோரம் செலுத்துவார்கள். சுற்றிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

“ஏளா, எல்லாவனும் மருந்தக் குடுத்துட்டான். நீ கையில வச்சு அழகு பாக்கியா?” என்றார் அண்ணாச்சி.

“அது வயித்துல தண்ணியே இல்ல அண்ணாச்சி. இப்ப இதக் குடுத்தா, உடம்புல மிச்சம் இருக்க தண்ணியையும் குடலு இழுத்துக்கிடும். முதல்ல அது குடிக்கணும்.”

“கேன் தண்ணி வாங்கி ஊத்திருக்கேன். எங்க வீட்ல நானே பைப்புத் தண்ணிதான் குடிக்கேன். இதுக்கு மேல என்னத்தக் குடுக்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோப்புக் கிணற்றுத் தண்ணீரை நான் சோதித்திருக்கிறேன். மனிதர் வாயில் வைக்க முடியாத உவர்ப்பு. குட்டியிலிருந்து அதையே குடித்து வளர்ந்த குதிரைக்கு, அவர் பாசத்தோடு வாங்கிவந்த நல்ல தண்ணீர் முன்பின் தெரியாத ஒன்று.

சாப்பாட்டுப் பந்தலில் உப்பு வாங்கி, ஒரு வாளித் தண்ணீரில் சிட்டிகை சிட்டிகையாகக் கரைத்தேன். நாக்கில் வைத்துப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். அண்ணாச்சியையும் ருசி பார்க்கச் சொன்னேன்.

முகத்தைச் சுளித்தார். “இது அப்படியே நம்ம கெணத்துத் தண்ணியால்லா இருக்கு.”

வெறும் தண்ணீர் வாளியையும் பக்கத்திலேயே வைத்தோம். குதிரை இரண்டையும் முகர்ந்தது. உப்பு வாளியில் உதட்டை நனைத்தது. பிறகு ஒவ்வொரு மடக்குக்கும் காது அசைய அசைய, அடிவரை குடித்தது. அண்ணாச்சி அடுத்த வாளிக்கு உப்புக் கரைக்க ஓடினார். அதிலும் பாதி இறங்கிய பிறகுதான் மருந்தைக் கொடுத்தேன், அதுவும் அரை அளவு. ஈரச் சாக்கைக் கழுத்தில் போட்டு, நிழலில் நிறுத்தினோம்.

மறுபடி காட்டியபோது மருத்துவர் வெகுநேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு ஸ்டெதஸ்கோப்பை என் காதில் மாட்டினார். உள்ளே மழைநீர் ஓடுவதுபோல் சத்தம். போகலாம் என்றார்.

மீதிப் பாதையில் அந்தக் குதிரையை நான் முடுக்கவே வேண்டியிருக்கவில்லை. கடல் காற்று எதிரே அடிக்க, காதை முன்னால் நீட்டிக்கொண்டு தானாகவே ஓடியது. மூன்றாவதாக வந்தோம். ஆனால் முடிவில் எல்லாக் குதிரைகளையும் பரிசோதித்து, நல்ல உடல்நிலையில் இருந்த குதிரைக்கென்று ஒரு கோப்பை கொடுத்தார்கள். அது எங்களுக்கு. அண்ணாச்சி அதைக் குதிரையிடம்தான் முதலில் காட்டினார்.

கையில் மருந்து இருந்தும், எல்லோரும் அவசரப்படுத்தியும், கொடுக்காமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு நிமிர்ந்து நடக்கத் தோன்றுகிறது. இப்போது குதிரையை வாரம் ஒரு ஊர்த் தண்ணீர் குடிக்கப் பழக்குகிறோம். அடுத்த மாதம் அறுபது கிலோமீட்டர் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறோம்.