பின்சீட்டுக்குப் பத்து மார்க்

நான் ஓட்டிய வண்டிகளில் ஒன்றே ஒன்றுதான் இன்னும் கனவில் வருகிறது. கனவிலும் அது மெதுவாகத்தான் போகிறது. எதிரில் யாரோ தெருவை அடைத்து நெசவுக்கான பாவு நூலை நீட்டியிருக்கிறார்கள்.

எனக்கு எட்டாவதோடு படிப்பு நின்றது. பிறகு லாரியில் கிளீனர், அப்புறம் டிரைவர். சூரத், நாக்பூர், விஜயவாடா என்று சுற்றினேன். சோலாப்பூரில் மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தபோது லாரி என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. தேறியதும் வேறு லாரியில் ஏறிக்கொண்டேன். எந்த ஊரிலும் வேர் விடுகிற அளவுக்கு இருந்ததில்லை. காஞ்சிபுரத்துக்குப் பட்டு நூல் லோடு கொண்டு வந்தவன்தான். நூல் இறக்கிய கடையின் முதலாளிக்கு அன்று டிரைவர் வரவில்லை. அவரை ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோய்க் கூட்டி வந்தேன். "நாளைக்கும் இருப்பியாப்பா?" என்று கேட்டார். இருந்துவிட்டேன். லாரியைக் கூட வந்த இன்னொரு டிரைவர் எடுத்துப் போனார். கடைக்குப் பின்னால் நூல் மூட்டை அடுக்கும் அறையில் படுக்கை, எதிர் மெஸ்ஸில் சாப்பாடு. இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும்.

முதலாளி சின்ன வயதில் தறியில் உட்கார்ந்தவர். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, முதுகை வளைத்து, வருஷக்கணக்காக நெய்ததில் இடுப்பு போய்விட்டது. பிறகுதான் காந்தி ரோட்டில் சேலைக்கடை. அவருக்கு ஒரே மகன், அமெரிக்காவில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். கடையில் எத்தனை கூட்டம் இருந்தாலும் முதலாளி எழுந்து தூண் பக்கம் போய்விடுவார்.

அந்த வண்டியைச் சொன்னது மகன்தான். பழைய அம்பாஸடர் வழியில் நின்றுபோவதைக் கேட்டு, "அப்பா, இந்த வண்டி வாங்குங்க, நானும் இங்க இதான் வெச்சிருக்கேன். ஊருக்கு வந்தா நானே உங்கள உக்கார வெச்சி ஓட்றேன்" என்று சொல்லியிருக்கிறான். முதலாளி வேறு எந்த வண்டியையும் பார்க்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சென்னைக்குப் போனோம்.

ஜீப்பைப் போல உயரம், காரைப் போல வழவழப்பு, நீளம் மட்டும் கம்மி. பாய்வதற்கு முன்னால் பதுங்குகிற மாதிரி நின்றது. டை கட்டிய பையன் சுற்றிச் சுற்றி வந்து விளக்கினான். "ஓட்டறவங்களுக்குன்னே செஞ்ச வண்டி சார் இது."

"நல்லதாப் போச்சு. எங்ககிட்ட ஓட்டறவன் இருக்கறான்" என்று முதலாளி என்னைக் காட்டினார். அவன் சிரித்தான். நாங்களும் சிரித்தோம்.

ஏகாம்பரநாதர் கோயில் முன்னால் பூஜை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, முதலாளி பின்சீட்டில் ஏறிக்கொண்டார். இந்தப் பக்க ஊர்களில் வண்டி வாங்கியவர் பின்னால்தான் உட்கார வேண்டும். முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தால் வண்டி இரவல் என்று நினைப்பார்கள். ஆனால் அவர் வேறு ஒன்றும் சொன்னார். "முன்சீட்டு பிளாஸ்டிக்கப் பிரிக்காத. பையன் ஓட்டும்போது நான் அங்க உக்காந்துக்கறேன்." ஷோரூமிலிருந்து வந்தபடியே அந்த இடதுபக்கச் சீட்டு கண்ணாடிக் காகிதம் போட்டுக்கொண்டு இருந்தது.

ஊருக்குள் வந்த முதல் பள்ளத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ரோட்டில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே கைக்குச் சொல்லும் வண்டி அது. ஸ்டீயரிங் பிடித்தவனுக்கு அது சுகம். பின்னால் உட்கார்ந்தவருக்கு ஒவ்வொரு கல்லும் இடுப்பில் ஏறும். முழங்கால் வைக்கவும் இடம் போதாது. கண்ணாடியில் பார்த்தேன். முதலாளி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி, தெருவில் பார்க்கிறவர்களுக்குத் தலையாட்டிக்கொண்டு வந்தார்.

கியர் கம்பியின் பக்கத்தில் எஸ் என்று ஓர் எழுத்து. கம்பியை அங்கே தள்ளினால் என்ஜின் வேறு மாதிரி ஆகிவிடும் என்று ஷோரூம் பையன் சொல்லியிருந்தான். காஞ்சிபுரத்தில் அதை எங்கே தள்ளுவது? வீட்டிலிருந்து கடை, கடையிலிருந்து கோயில், மாதம் ஒருமுறை முசரவாக்கத்தில் நெசவு செய்கிற உறவுக்காரர் வீடு. காலையில் கிளம்பினால் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பாவு நீட்டி, நூலுக்குக் கஞ்சி தடவி நீவிக்கொண்டிருப்பார்கள். முதலாளி ஹாரன் அடிக்க விடமாட்டார். பாவு நீட்டியிருக்கும்போது அதட்டக் கூடாது, கை நடுங்கினால் இழை அறும் என்பார். அவ்வளவு வேகத்தை வைத்துக்கொண்டு அந்த வண்டி நூலுக்குக் காத்து நிற்கும்.

"இன்னா மொதலாளி, ஏரோப்ளேன் வாங்கிட்டு மாட்டுவண்டியாட்டம் ஓட்டிக்கினு போறீங்க?" என்று பாவு நீவுகிறவர் கேட்பார்.

"ஒன் பாவ நீ சுருட்னாதானடா என் ஏரோப்ளேன் கெளம்பும்" என்பார் முதலாளி.

வண்டி வாங்கிய மாதமே கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். முதலாளிக்கு அந்த மாதிரிப் போன்கள் பிடிக்காது. முதலிலேயே என்னுடைய நம்பரைக் கொடுத்திருந்தார். கடை வாசலில் நின்று பேசினேன்.

"சார், உங்க வண்டி உங்களுக்குத் திருப்தியா இருக்கான்னு தெரிஞ்சிக்கக் கூப்பிட்டோம் சார். ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள மார்க் குடுங்க. ஓனர்தானே பேசறது?"

நான் முதலாளியைப் பார்த்தேன். "ஆமான்னு சொல்லித் தொலைப்பா" என்று கையாட்டினார்.

"ஆமாம்மா."

ஸ்டீயரிங் எப்படி என்றாள். பத்து. பிரேக்? பத்து. பிக்கப்? அதற்கு என்ன சொல்வது? தெரிந்தவரைக்கும் பத்து என்றேன். இதற்கு முன்னால் நான் ஓட்டிய எதையும் எனக்குப் பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. லாரி ஓடுகிறதா என்று மட்டும்தான் கேட்பார்கள். அந்தப் பெண் கேட்கக் கேட்க எனக்கு மார்பு நிமிர்ந்தது.

"பின்சீட் வசதி எப்படி சார்?"

போனைப் பொத்திக்கொண்டு, "மொதலாளி, பின்சீட்டு எப்பிடின்னு கேக்குறாங்க" என்றேன்.

அவர் இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தார். "பத்துன்னு சொல்லு."

"மொதலாளி..."

"பையன் சொன்ன வண்டிப்பா அது. பத்துன்னு சொல்லு."

சொன்னேன். அதன் பிறகு ஒவ்வொரு சர்வீசுக்கும் அந்தப் போன் வரும். ஒவ்வொரு முறையும் பின்சீட்டுக்குப் பத்து.

அவருக்கு வலி கூடிக்கொண்டே போனது. தலையணை வைத்தோம். ரப்பர் வளையம் வைத்தோம். இடுப்புக்குப் பயந்து நாற்பதைத் தாண்டாமல் சென்னை போய்வந்தாலும் மறுநாள் கடையில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே வியாபாரம் பார்ப்பார். கடைக் கணக்குப்பிள்ளை, "இத்தக் குடுத்துட்டு நீட்டு வண்டியா ஒண்ணு வாங்குங்க மொதலாளி, சோபாவாட்டம் இருக்கும்" என்று வாரம் தவறாமல் சொல்வார்.

"பையன் வரட்டும். அவன் ஓட்டிப் பாக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

அந்தப் பதிலில்தான் என் வண்டி கைமாறாமல் இருந்தது. என் வண்டி என்றுதான் மனதில் சொல்லிக்கொள்வேன். மகன் வந்து ஒருமுறை அதைப் பிடித்துவிட்டால் போதும், மாற்றச் சொல்லமாட்டான் என்று நம்பினேன். காலையில் துடைக்கும்போது அந்த எஸ் எழுத்தையும் சேர்த்துத் துடைப்பேன். லாரி ஓட்டிய காலத்தில் எந்த ஊரில் படுத்தாலும் வேறு ஊர் போகத் தோன்றும். அந்த வண்டி வந்த பிறகு அப்படித் தோன்றவில்லை. ஆனால் தோன்றியது வேறு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், தடையில்லாத ரோட்டில் அது எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டும். கையில் இருப்பதற்கே ஏங்குவது என்ன மாதிரி ஏக்கம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மகன் வந்தான். விமான நிலையத்தில் முதலாளி என்னிடமிருந்து சாவியை வாங்கி, தானே அவனிடம் நீட்டினார்.

"இப்பதான்பா எறங்கினேன். தூக்கம் வருது" என்று அவன் பின்சீட்டில் ஏறிவிட்டான். முதலாளி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்சீட்டுப் பிளாஸ்டிக் வழி முழுக்கச் சலசலத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை அவன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். "மெயின் ரோடு வரைக்கும் ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்து உங்கள ஏத்திக்கறேன்." முதலாளி புது வேட்டி கட்டி, விபூதி பூசி, செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நானும் நின்றேன்.

வண்டி இருபதடி போயிருக்கும். பாவு நீட்டியிருந்தது. அவன் ஹாரன் அடித்தான். நீவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார், நகரவில்லை. அவன் பின்னால் எடுத்தான். பூக்கூடை வைத்த சைக்கிளில் கண்ணாடி உரசியது. பூக்காரம்மா விட்ட வசவு தெருக்கோடி வரை கேட்டது. "கண்ணு இன்னா பொடனிலியா இருக்குது?" அவன் ஸ்டீயரிங் இடதுபக்கம் இருக்கும் நாட்டில் ஓட்டிப் பழகியவன். தன் வண்டி எங்கே முடிகிறது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அங்கேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தான். சாவியை என் கையில் வைத்தான்.

"இந்த ஊர்ல என்னால முடியாதுப்பா. நீங்களே எடுங்க அண்ணே."

நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். பின்சீட்டில்தான் ஏறினார்கள். வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு வேகத்தடை. மகனுடைய தலை கூரையில் இடித்தது.

"எப்பிடிப்பா இதுல போய்க்கினு இருக்கறீங்க? ஒங்க இடுப்புக்கு இது ஆவுமா? மாத்திடுங்க."

"நீ சொன்ன வண்டிதானப்பா."

"அங்க நாங்களே ஓட்டறோம். அதனால சொன்னேன். பின்சீட்ல நான் உக்காந்ததே இல்லப்பா."

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகன் ஊருக்குக் கிளம்பும்வரை வண்டிப் பேச்சு எழவில்லை.

அவன் போன பிறகு ஒரு நாள், "நாளைக்கு மெட்ராஸ் போறோம்பா. வேற கம்பெனில நீட்டு வண்டி சொல்லி வெச்சிருக்கறேன். இத்த அங்க விட்டுட்டு வரணும்" என்றார். சரி மொதலாளி என்றேன். காலையில் எப்போதும்போல் துடைத்தேன். துடைக்க நேரமானது.

ஊருக்கு வெளியே வெள்ளைகேட்டில் நாற்கர ரோட்டைத் தொட்டதும், "ஓரமா நிறுத்து" என்றார். இறங்கினார். சுற்றி வந்து முன்கதவைத் திறந்தார். அந்தப் பிளாஸ்டிக்கை ஓரத்தில் பிடித்துக் கிழித்தார். எளிதில் கிழியவில்லை. நானும் அந்தப்பக்கமிருந்து இழுத்தேன். சுருட்டிப் பின்னால் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த எழுத்து எதுக்குடா? என்னவோ சொன்னானே அந்தப் பையன்."

"வேகமாப் போறதுக்கு மொதலாளி."

"தள்ளு."

தள்ளினேன். மிதித்தேன். என் முதுகைச் சீட்டோடு யாரோ அழுத்தியதுபோல் இருந்தது. ரோடு எங்களுக்குள் ஓடி வந்தது. ராஜகுளத்து வளைவில் வண்டி தார் ரோட்டைக் கையால் பற்றிக்கொண்டு திரும்பியது. லாரிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. அப்படி ஒன்றில்தான் நான் முன்பு வருஷக்கணக்காக இருந்தேன். முன்சீட்டில் குலுங்கவே இல்லை. முதலாளி இடுப்பில் கை வைக்கவில்லை. முதலில் டேஷ்போர்டைப் பிடித்திருந்தவர் பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுவாப்பா அது?" என்றார்.

"இதுதான் மொதலாளி."

"இத்தப் பாக்கத்தான் அவன் வாங்கச் சொன்னான்."

சுங்குவார்சத்திரம் தாண்டினோம். பிறகு, "கொஞ்சம் மெதுவாப் போப்பா. மெட்ராஸ் வந்துடப் போவுது" என்றார். மெதுவாகப் போனேன். அதற்கு மேல் எப்படி மெதுவாகப் போவது என்று தெரியாத அளவுக்குப் போனேன். வந்துவிட்டது.

திரும்பும்போது நீட்டு வண்டியில் அவர் பின்னால் காலை நீட்டி உட்கார்ந்து தூங்கினார். நல்ல வண்டிதான். மேகத்தில் போகிற மாதிரி போகும். கைக்கு ஒன்றும் சொல்லாது. மழைக்காலம் வரை ஓட்டினேன். பிறகு சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

"வண்டி புடிக்கலியா, ஊரு புடிக்கலியா?" என்று கேட்டார்.

"அப்பிடியெல்லாம் இல்ல மொதலாளி."

"ஒனக்கும் எம்பையனாட்டம் கால்ல சக்கரம்" என்று சொல்லி ஒரு வேட்டி, சட்டைத்துணி கொடுத்தார்.

மறுபடியும் லாரி. கிருஷ்ணகிரிக்கு அந்தப்பக்கம் ஒரு டீக்கடையில் கிரானைட் லோடோடு நின்றபோது போன் அடித்தது. அதே பெண்ணா, வேறு பெண்ணா தெரியவில்லை. அதே மாதிரிக் குரல்.

"சார், எங்க வண்டியக் குடுத்துட்டு வேற கம்பெனி வண்டி வாங்கிட்டீங்கன்னு தெரிஞ்சுது. என்ன காரணம்னு சொல்ல முடியுமா சார்? வெலையா, மைலேஜா, சர்வீசா?"

"அதெல்லாம் இல்லம்மா. அந்த வண்டி இப்ப எங்க இருக்குது, தெரியுமா?"

"அது எங்களுக்குத் தெரியாது சார். பின்சீட் வசதி எப்படி இருந்தது சார்?"

இப்போது பக்கத்தில் முதலாளி இல்லை. வேறு மார்க் சொல்லியிருக்கலாம். "பத்து" என்றேன். "முன்சீட்டு பத்திக் கேக்கவே இல்லியேம்மா?"

"அதுக்குக் கேள்வி இல்ல சார். கடைசியா ஒண்ணு. மறுபடி எங்க வண்டி வாங்குவீங்களா?"

"வாங்குவேன்."

"எப்ப சார்? ஆறு மாசத்துக்குள்ளயா, ஒரு வருஷத்துக்குள்ளயா, அதுக்கு மேலயா?"

கிளீனர் டயர்களைக் கட்டையால் தட்டிப் பார்த்துக்கொண்டே முன்பக்கம் வந்துவிட்டான். டீ ஆறிவிட்டது.

"அதுக்கு மேலன்னு போட்டுக்கம்மா."

"சரிங்க சார்" என்று போட்டுக்கொண்டாள்.