திருட்டு அதிகமாக இருந்த அந்த நல்ல வருஷம்

பழைய நாளை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்கு அந்தக் காலத்துக் குழாய்த் தண்ணீர், ஒருவருக்கு அந்தக் காலத்து வாத்தியார். கேள்விக்காரம்மாவுக்கு அந்தக் காலத்துத் திருட்டு. "அந்த ஒரு வருஷம் மாதிரி வருமா! எத்தனை திருட்டு!" என்று அவர் கண் கலங்கச் சொல்லும்போது, புதிதாகக் கேட்கிறவர்கள் தங்கள் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொள்வார்கள்.

அவர் திருடியவர் இல்லை. புள்ளிவிவர அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவர். வீட்டில் எத்தனை பேர், கூரை என்ன, கழிப்பறை உள்ளேயா வெளியேயா என்று தொடங்கும் நீலப் படிவம். ஏழாம் பக்கத்தில்தான் விஷயம். கடந்த பன்னிரண்டு மாதத்தில் ஏதாவது திருடு போனதா? போலீசிடம் புகார் செய்தீர்களா? இல்லையென்றால் ஏன்? காரணத்துக்கு எண் உண்டு. ஒன்று, சின்னப் பொருள். இரண்டு, போலீஸ் மேல் நம்பிக்கை இல்லை. மூன்று, பயம். நான்கு, நாங்களே தீர்த்துக்கொண்டோம்.

கட்டின புருஷனிடம் மறைத்ததை எல்லாம் ஜனங்கள் அந்த ஏழாம் பக்கத்திடம் கொட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கேள்விக்காரம்மா சாப்பாட்டு மேசையில் படிவங்களைப் பரப்பி எண் போடுவார். எதிரில் அவர் கணவர் வெங்காயம் உரிப்பார். கேட்டுக் கேட்டு அவருக்கும் எண்கள் மனப்பாடம். "நாலா? அப்போ பக்கத்து வீட்டுக்காரன் பல்லு போயிருக்கும்" என்பார்.

அந்தக் கணவர் யார் என்பதில்தான் வேடிக்கை. அதே பகுதிக் காவல் நிலையத்தின் ரைட்டர். வருகிற புகாரை எல்லாம் பதிவேட்டில் ஏற்றுகிறவர், அல்லது ஏற்றாமல் விடுகிறவர்.

"உங்க ஸ்டேஷன்ல போன வருஷம் முப்பத்தொன்பது திருட்டு. எங்க கணக்குப்படி அதே தெருக்கள்ல இருநூறு. நடுவுல இருக்கிற நூத்தி அறுபது திருடனும் எங்கங்க போனான்?"

"உன்கிட்ட பொய் சொல்றாங்கம்மா."

"என்கிட்ட பொய் சொன்னா அவங்களுக்கு என்ன கிடைக்கும்? நான் என்ன திருடனையா பிடிச்சுத் தரப்போறேன்?"

"நாங்க மட்டும் பிடிச்சா தர்றோம்?" என்று ரைட்டர் அடுத்த வெங்காயத்தை எடுப்பார்.

நூற்று அறுபது திருடர்களும் எங்கேயும் போகவில்லை. ஒரு சொல்லுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டேஷனுக்கு வந்து "திருடிட்டாங்க ஐயா" என்பவரிடம் ரைட்டர் நிதானமாகக் கேட்பார். "எடுத்ததைப் பாத்தியா?" பார்க்கவில்லை. "பாக்காம எப்படித் திருட்டுன்னு சொல்றே?" கேட்டுவிட்டு, அழகான கையெழுத்தில் ஒரு சீட்டு எழுதித் தருவார். இன்னார் இன்ன பொருளைத் தவறவிட்டார். பதிவேட்டில் அது திருட்டு ஆகாது. நாற்பதைத் தாண்டினால் இன்ஸ்பெக்டருக்கு மேலிடத்தில் பாட்டு, ரைட்டருக்கு இன்ஸ்பெக்டரிடம் பாட்டு. அந்தப் பகுதி ஜனங்கள், உலகத்திலேயே ஞாபக மறதி மிகுந்தவர்களாக ஏட்டில் வாழ்ந்தார்கள். ஒருவர் தண்ணீர் மோட்டாரைக்கூடத் தவறவிட்டிருந்தார்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் கேள்விக்காரம்மாவின் சைக்கிள் போயிற்று. அவர் தெருத்தெருவாகச் சுற்றுகிற சைக்கிள். அன்று ஒரு அவசரத்துக்கு ரைட்டர் இரவல் வாங்கிப் போய், பூட்டி, ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியிருந்தார். ஸ்டேஷன் வாசலில்!

"எழுதுங்க" என்றார் மனைவி.

"ஸ்டேஷன் வாசல்லயே திருட்டுன்னு ஸ்டேஷன்லயே எழுதச் சொல்றியா? ஊரே சிரிக்கும்."

மறுநாள் ஒரு சீட்டு வந்தது. அழகான கையெழுத்து. மேற்படி பெண்மணி தம் சைக்கிளைத் தவறவிட்டார்.

"நானா? தவறவிட்டேனா? எங்கேருந்து, இடுப்புலேருந்து நழுவி விழுந்துச்சா?"

ரைட்டர் ஒரு வெங்காயத்தை எடுத்தார். கேள்விக்காரம்மா மூன்று மாதம் நடந்தே கேள்வி கேட்டார். செருப்பு இரண்டு ஜோடி தேய்ந்தது.

அடுத்த தை பிறந்ததும், கேள்வி கேட்க வேண்டிய வீடுகளைப் பொறுக்கும் அலுவலகக் குலுக்கலில் அவர்கள் வீட்டு எண்ணே விழுந்தது. தன் வீட்டைத் தானே கேட்கக் கூடாது என்பது விதி. அதனால் கூட வேலை பார்க்கும் மூத்தவர் வந்தார். அலுவலகத்தில் அவருக்குக் கறார் அக்கா என்று பெயர். இருபது வருஷம் பழகியும், அன்று வாசலில் நின்று "வணக்கம், இந்த வீட்டில் எத்தனை பேர்?" என்றே ஆரம்பித்தார்.

"அக்கா, போன வாரம்தானே வந்து சாப்பிட்டுப் போனீங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா. எத்தனை பேர்?"

ஏழாம் பக்கம் வந்தது. திருடு போனதா? போனது. சைக்கிள். புகார் செய்தீர்களா?

"செஞ்சேன். தவறவிட்டேன்னு எழுதிக்கிட்டாங்க."

"அதுக்குக் கட்டம் இல்ல. புகார் பதிவாச்சா, ஆகலையா?"

"ஆகல."

"ஏன்? ஒண்ணா, ரெண்டா, மூணா, நாலா?"

கேள்விக்காரம்மா சமையலறைப் பக்கம் பார்த்தார். இருபது வருஷம் பிறரிடம் கேட்ட கேள்வி இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. புருஷன் உள்ளே டீ போட்டுக்கொண்டிருக்கிறார். ஒன்று என்று சொல்லிவிடலாமா? சின்னப் பொருள்தானே?

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "ரெண்டு போடுங்கக்கா."

கறார் அக்கா பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். போலீஸ்காரர் வீட்டிலேயே, போலீஸ் மேல் நம்பிக்கை இல்லை என்று இரண்டு போட்டு அவருக்குப் பழக்கமில்லை. பிறகு போட்டார்.

அந்த வாரமே பதிவேட்டில் சைக்கிள் ஏறியது. திருட்டு, இடம்: காவல் நிலைய வாசல். அதற்குப் பிறகு ரைட்டர் யாரிடமும் "பாத்தியா" என்று கேட்கவில்லை. ஜனங்கள் சொன்னார்கள், அவர் எழுதினார். எழுதுகிறாராம் என்ற சேதி டீக்கடை வழியாகப் பரவியது. பத்து வருஷத்துக்கு முன்னால் போன அண்டாவுக்கும் ஒருவர் வந்தார். "அதுக்கு ரொம்ப லேட்டுய்யா" என்று அவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

அந்த ஐப்பசியில் கேள்விக்காரம்மா பழைய தெருக்களையே சுற்றினார். புகார் செய்தீர்களா என்று கேட்டால், பத்துக்கு ஏழு பேர் "செஞ்சோமே, உங்க வீட்டுக்காரர்தானே எழுதினார்" என்றார்கள். முன்பெல்லாம் இரண்டு பேர் சொன்னால் அதிகம். படிவக் கணக்கும் பதிவேட்டுக் கணக்கும், சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி, மெல்ல மெல்லப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் எண்களை ஒப்பிட்டுச் சிரித்த சிரிப்பு கேள்விக்காரம்மாவுக்கு இன்னும் காதில் இருக்கிறது.

நாளிதழுக்குச் சிரிப்பு வரவில்லை. "திருடர்கள் பிடியில் கிழக்குப் பகுதி: குற்றம் நான்கு மடங்கு" என்று கொட்டை எழுத்தில் போட்டது.

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். "யோவ், திருடன் கூடலைய்யா. நீ எழுதறதுதான்யா கூடியிருக்கு!"

"ஆமா சார்."

"என்ன ஆமா சார்? இதுல நூறைத் தவறவிட்டதுன்னு மாத்து. மாத்தினா இங்கயே இரு. இல்லேன்னா பழைய ரெக்கார்டு ரூம். அங்க குடியிருப்பு கிடையாது, சொல்லிட்டேன்."

குடியிருப்பு என்றால், சமையலறைக்குக் காலை வெயில் வருகிற அந்த இரண்டு அறை வீடு. எட்டு வருஷம் காத்திருந்து கிடைத்தது. ஜன்னலுக்குக் கேள்விக்காரம்மா தன் கையால் பச்சை வர்ணம் அடித்திருந்தார். ரைட்டர் வந்து விஷயத்தைச் சொல்லி, "நீ சொல்லும்மா" என்றபோது அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"மாத்திடுங்க" என்றார்.

இதை அவர் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை. எந்தப் படிவத்திலும் அதற்குக் கேள்வியும் இல்லை.

ரைட்டர் இரண்டு நாள் பதிவேட்டின் முன் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார். "எழுத வரலைம்மா. 'த' போடறேன். அதுக்கு மேல கை நிக்குது."

கேள்விக்காரம்மா பரண் மேலிருந்த சாக்குகளை இறக்கித் தட்டினார்.

சாமான் வண்டி கிளம்பும் நேரத்தில், மூச்சிரைக்க இஸ்திரிக்காரம்மா ஓடி வந்தார். காலையில் தன் தள்ளுவண்டியோரம் வைத்திருந்த இஸ்திரிப் பெட்டியை யாரோ தூக்கிப் போய்விட்டார்களாம். புது ரைட்டர் தவறவிட்டதாக எழுதித் தருகிறேன் என்கிறாராம்.

"கரி போட்டுச் சூடா இருந்த பெட்டி ஐயா! அதை எப்படித் தவறவிடுவேன்? நீங்க எழுதுங்க."

"நான் இப்ப ரைட்டர் இல்லம்மா."

"அப்போ யாருதான் எழுதுவாங்க?"

ரைட்டர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். சுருட்டிய மெத்தையின் மேல் உட்கார்ந்திருந்த கேள்விக்காரம்மா டிரைவரிடம் சொன்னார். "வண்டிய ஸ்டேஷன் வாசல்ல நிறுத்துங்க."

"எனக்கு இன்னொரு லோடு இருக்கும்மா!"

"இருக்கட்டும். நிறுத்துங்க."

புது ரைட்டர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தபோது, தலைகீழாகக் கவிழ்த்த கட்டில், அண்டா, அவற்றின் உச்சியில் நீலப் படிவக் கட்டை மடியில் வைத்துத் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்மணி. உள்ளே, மேசைக்கு எதிரில் பழைய ரைட்டர், பேனாவை நீட்டியபடி. ஒரு மணி நேரம் ஆயிற்று. டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

இஸ்திரிக்காரம்மா நகலோடு வெளியே வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. காகிதத்தை மேலே நீட்டினார்.

"திருட்டுன்னுதான் போட்டிருக்காங்களா அம்மா?"

கேள்விக்காரம்மா முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் விரல் வைத்துப் படித்தார்.

"திருட்டுன்னுதான் போட்டிருக்கு."

"அப்பாடா" என்றார் இஸ்திரிக்காரம்மா, பெட்டியே கிடைத்துவிட்ட மாதிரி.