மூன்றாம் பகுதி பற்றி ஒரு திருத்தம்

போன செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணியிருக்கும். வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் நானும் மனைவியும் மட்டும். தொலைபேசி அடித்தது.

"சேர், ரூபன் கதைக்கிறன்."

"எந்த ரூபன்?" என்றேன்.

குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் அப்படித்தான் கேட்டேன்.

"உங்கட முன்னறையில வாடகைக்கு இருந்த ரூபன். வெளிநாட்டில இருந்து லீவில வந்தனான். கொட்டாஞ்சேனையில அக்கா வீட்டில நிக்கிறன்."

"ஓ... தம்பி... சுகமா இருக்கிறீரோ?"

"இருக்கிறன். உங்கட பத்தியை ஒவ்வொரு கிழமையும் இன்டர்நெட்டில வாசிக்கிறனான். அந்த சீரியலைப் பற்றி எழுதினதையும் வாசிச்சன்."



எந்த சீரியல் என்று வழக்கமான வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். மற்றவர்களுக்காக ஒரு சுருக்கம். தமிழில் குரல் மாற்றி, தொலைக்காட்சியில் எட்டுப் பகுதிகளாக வந்த விஞ்ஞானக் கதைத் தொடர் அது. எதிர்காலத்து நகரம் ஒன்று. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஓர் இயந்திரம். உள்ளே எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள் என்று அது எண்ணும். வீட்டுப் பட்டியலில் உள்ள பெயர்களோடு எண்ணிக்கை பொருந்தினால் பச்சை விளக்கு. ஒருவர் கூடினால் சிவப்பு... பிறகு படியேறி ஆட்கள் வருவார்கள்.

இரண்டு கிழமைக்கு முன் இதே இடத்தில் அதன் நிறைகுறைகளை அலசியிருந்தேன். நிறை — பூதம் இல்லை, விண்கப்பல் இல்லை. பிடிபட்டவர்கள் எங்கே போகிறார்கள் என்று கடைசிவரை காட்டவில்லை; படியில் இறங்கும் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். பயப்படுத்த அது போதும். குறை — எல்லாருக்கும் ஒரே குரல். ஐந்தாம் பகுதியில் ஒரு விஞ்ஞானி இயந்திரத்தைக் கால் மணி நேரம் விளக்குகிறார். வீட்டுப் பூனையின் மூச்சை அது ஏன் எண்ணவில்லை என்பதை மட்டும் விளக்கவில்லை.

ஆகப் பெரிய குறை மூன்றாம் பகுதியில் என்று எழுதினேன். ஓர் ஆசிரியர். தன் வீட்டில் வாடகைக்கு இருப்பவரின் பெயரை அவர் பட்டியலில் சேர்க்கவில்லை. சிவப்பு விளக்கு எரிகிறது. 'இவர் யார்?' என்று கேட்கிறார்கள். 'தெரியாது' என்கிறார்.

"தன் மேசையில் மாதக்கணக்காகச் சாப்பிட்டவரைப் படித்த மனிதர் ஒருவர் இப்படிக் கைவிடுவார் என்பது நம்பும்படியாக இல்லை." இது என் வாக்கியம். அச்சில் இருக்கிறது.

"நான் நேற்றுத்தான் அந்த மூண்டாம் பகுதியைப் பாத்தனான், சேர்," என்றார் ரூபன். "எனக்கு நம்பக்கூடியதாத்தான் இருந்துது."

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஞாயிற்றுக்கிழமை வரட்டோ?"

"வாங்கோ" என்றேன். வேறு என்ன சொல்வது?

இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

யுத்த காலத்தில் கொழும்பில் எங்கள் வீடுகளில் ஒரு தாள் இருந்தது. பொலிஸ் பதிவு என்போம். வீட்டில் இருப்பவர்களின் பெயர்கள், கீழே முத்திரை. புதிதாக யாராவது தங்க வந்தால் போய்ப் பெயரைச் சேர்க்க வேண்டும்.

ரூபன் வவுனியாவிலிருந்து கம்ப்யூட்டர் படிக்க வந்தவர். வந்த முதல் கிழமையே அடையாள அட்டையின் பிரதியை என் கையில் தந்தார். வடக்கிலிருந்து வந்த இளைஞனின் பெயரோடு பொலிஸுக்குப் போனால் என்னையும் ஒரு மாதிரிப் பார்ப்பார்களே என்று எனக்குப் பயம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அவர் கேட்டபோது, "பதிஞ்சாச்சு, தம்பி" என்றேன். பிரதி என் மேசை லாச்சிக்குள் கிடந்தது.

ஐந்து மாதம் போனது.

ஒரு ஞாயிறு காலை. மனைவி இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தாள். சோதனைக்கு வந்தார்கள். அதிகாரி தாளை வாங்கினார், எங்களை எண்ணினார். தாளில் நானும் மனைவியும் பிள்ளைகள் இருவரும். வீட்டில் ஐந்து பேர். ரூபன் இடுப்பில் சாரத்தோடு, கையில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு நின்றார். தன் பெயரும் இருக்கிறது என்று அதிகாரியிடம் தைரியமாகச் சொன்னார். ஏன் சொல்லமாட்டார்? நான் சொன்னதை நம்பியிருந்தாரே.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "மே கவுத, மாத்தயா?" இவர் யார்?

தெரியாது என்றேன். அறை பார்க்க நேற்று வந்தவர் என்றேன். நல்ல சிங்களத்தில், ஒரு பிழையும் இல்லாமல்.

ரூபன் என்னைப் பார்த்தார். பிறகு படியில் காலடிச் சத்தம்.

பதினான்கு மாதம் உள்ளே இருந்தார். மனைவி இரண்டு தடவை சாப்பாட்டுப் பார்சலோடு போய்ப் பார்த்தாள். நான் போகவில்லை.

போன செவ்வாயிலிருந்து சனி வரை நான் எப்படி இருந்தேன் என்று கேட்கிறீர்களா? லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்கும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காது கொடுத்தேன். கத்துவாரோ? பக்கத்து ஃபிளாட்டுக்குக் கேட்குமோ? வியாழக்கிழமை மனைவியிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன் — ஞாயிறு எங்கேயாவது போய்விட்டு வருவோமா என்று.

மனைவி தேங்காய் துருவுவதை நிறுத்தினாள். "இஞ்சாருங்கோ, இந்த முறையும் அந்தப் பிள்ளையைத் தெரியாது எண்டு சொல்லப்போறியளோ?"

ஞாயிறு ஒன்பது மணிக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. மனைவி இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்தாள்.

"அண்டைக்கு விட்டிட்டுப் போன இடியப்பம் இதுவோ, அன்ரி?"

அவள் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ரூபன் முழுவதையும் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

"சேர், தெரியாது எண்டு சொன்னது எனக்கு விளங்குது. பிள்ளையள் பக்கத்தில நிண்டவை. பயம். ஆனா பதிஞ்சாச்சு எண்டு ஏன் சொன்னனீங்கள்? உண்மையைச் சொல்லியிருந்தா அண்டைக்கே அக்கா வீட்டை போயிருப்பன். அவ பதிஞ்சிருப்பா."

ஐந்து நாளாக நான் மற்றக் கேள்விக்குத்தான் பதில் தேடி வைத்திருந்தேன்.

"நீர் என்னைப் பயந்தாங்கொள்ளி எண்டு நினைச்சிடுவீர் எண்டு..." என்றேன்.

"அவ்வளவுதானோ, சேர்?"

"அவ்வளவுதான்."

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்தார். வாசலில் நின்று, "அந்த மூண்டாம் பகுதியை மட்டும் திருத்தி எழுதுங்கோ" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே திருத்தம். அந்தத் தொடரின் மிகப் பெரிய பலம் மூன்றாம் பகுதிதான். பலவீனம் கடைசிப் பகுதி. அதில் அந்த ஆசிரியரின் வாசலிலும் சிவப்பு விளக்கு எரிகிறது, அவரையும் கொண்டுபோகிறார்கள். நாங்கள் நிம்மதியாக டிவியை அணைக்கிறோம். நடப்பது அப்படியா? அவர் பென்ஷன் எடுக்கிறார். வாரா வாரம் பத்தி எழுதுகிறார். மற்றவர்களின் கதையில் குறை பிடிக்கிறார்.

வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள்.  ஆனாலும் அந்தப் பதிவுத் தாள் இன்னும் ஒரு பெயர் குறையாகத்தான் கிடக்கிறது...

அன்று என் வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். ஐந்தாவது ஆளின் பெயர் ரூபன். அவரை எனக்குத் தெரியும்.